இடப்பக்கம் திரும்ப எத்தனை விநாடி?

அமெரிக்காவுக்கு வந்து புதுசாக கார் ஓட்டக் கற்றுக்கொண்ட நம்ம மக்கள் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். பாரலல் பார்க்கிங்குக்கு அடுத்தபடியாக வயிற்றைக் கலக்கியது எது என்றால், சிக்னலில் இடப்பக்கம் திரும்புவதுதான் என்பார்கள். பச்சை விழுந்தாச்சு, ஆனால் போக முடியாது. எதிர்ப்பக்கத்துக்கும் பச்சைதான், அவன் பாட்டுக்கு நேராக வந்துகொண்டே இருக்கிறான். பின்னால் நிற்கிறவன் ஹாரன் அடிக்கிறான். (அமெரிக்காவில் யாரும் ஹாரனே அடிக்க மாட்டாங்கன்னு யார் கிளப்பி விட்டது?) கடைசியில் மஞ்சள் விழும்போது சாமியைக் கும்பிட்டுக்கொண்டு ஒரு திருப்பு.

ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு விளக்கம். நாம் சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறோம். அதனால் நமக்கு இடது திருப்பம் சுலபம், 'ஃப்ரீ லெஃப்ட்' போர்டு கூட உண்டு. அமெரிக்காவில் வலப்பக்கம் ஓட்டுகிறார்கள். அவர்களுடைய இடது திருப்பம் நம்ம ஊரில் வலது திருப்பம் மாதிரி. கீழே 'இடது' என்று வரும் இடமெல்லாம் எதிரே வரும் வண்டிகளைக் குறுக்கே வெட்டிப் போகிற திருப்பம் என்று படித்துக்கொள்ளுங்கள்.

இந்த ஒரு திருப்பத்துக்கு எத்தனை விநாடி தருவது என்று நூறு வருஷத்துக்கு மேலாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். இதில் ஒரு கணக்கு அறுபது வருஷம் தப்பாகப் பயன்பட்டது, அதைச் சுட்டிக்காட்டிய ஆளுக்கு அபராதம் போட்டார்கள் என்பதுதான் என்னை எழுத வைத்தது.

கொஞ்சம் எண்ணிப் பார்ப்போம்

ஒரு சாதாரண நாற்சந்தி. நாலு பக்கமும் ஒரு லேன் வர, ஒரு லேன் போக. ஒரு வண்டியின் பாதை இன்னொன்றின் பாதையைத் தொடக்கூடிய புள்ளிகளை எண்ணினால் 32 வரும். அதில் 16 ஒன்றோடொன்று சேரும் அல்லது பிரியும் இடங்கள். அங்கே இடித்தால் பெரும்பாலும் பம்பரோடு போய்விடும். மீதி 16 நேருக்கு நேர் குறுக்கே வெட்டும் இடங்கள், ஆளைக் கொல்கிற புள்ளிகள். இந்தப் பதினாறில் 12ல் இடது திருப்பம் சம்பந்தப்பட்டிருக்கிறது. வலது திருப்பம் ஒன்றில் கூட இல்லை. பேப்பரில் வரைந்து பாருங்கள், அஞ்சு நிமிஷ வேலை.

அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2010ல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொன்னது. சந்திகளில் நடந்த விபத்துகளை அலசியதில், ஆபத்து தொடங்கிய கணத்தில் வண்டி இடப்பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது 22.2 சதவீதத்தில். வலப்பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது 1.2 சதவீதத்தில். யு.பி.எஸ். கூரியர் கம்பெனி தன் டிரைவர்களுக்கு முடிந்தவரை இடது திருப்பமே வராத மாதிரி ரூட் போட்டுக் கொடுத்தது சும்மா இல்லை. காத்திருக்கும் நேரம், பெட்ரோல், விபத்து மூன்றும் மிச்சம்.

கம்பம் சுற்றிப் போ!

சிக்னல் விளக்கு முதலில் வந்தது லண்டனில், 1868 டிசம்பரில், பார்லிமென்ட் அருகே. ஜே.பி.நைட் என்ற ரயில்வே இஞ்சினியர் ரயில் கைகாட்டியைத் தூக்கிவந்து சாலையில் நட்டார். ராத்திரிக்குக் கேஸ் விளக்கு. அடுத்த மாதமே கேஸ் கசிந்து வெடித்து, அதை இயக்கிய போலீஸ்காரர் படுகாயம் அடைந்தார். அத்தோடு பல வருஷங்களுக்கு அந்தப் பேச்சே இல்லை.

இடது திருப்பத்துக்கு முதலில் வந்தது விளக்கு அல்ல, விதி. நியூயார்க்கில் வில்லியம் ஃபெல்ப்ஸ் ஈனோ என்ற பணக்காரர், குதிரைவண்டி நெரிசலைப் பார்த்து நொந்துபோய், 1903ல் சாலை விதிகளை எழுதிக்கொடுத்து போலீஸை ஏற்க வைத்தார். அதில் முக்கியமானது, இடப்பக்கம் திரும்புகிறவன் சந்தியின் நடுப்புள்ளியைத் தாண்டிச் சுற்றிக்கொண்டு திரும்பவேண்டும், மூலையை ஒட்டிக் குறுக்கே வெட்டக்கூடாது என்பது. நடுப்புள்ளி எது என்று தெரிய பல ஊர்களில் ஒரு கம்பத்தை நட்டார்கள். அதற்கு 'ஊமைப் போலீஸ்' என்று பட்டப்பெயர். இதில் ஒரு நன்மை. அப்படிச் சுற்றித் திரும்ப வேகத்தைக் குறைத்தே ஆகவேண்டும், தெருவைக் கடக்கும் ஆள் தப்பித்தார். (இந்தக் கம்பத்தை மறந்துவிடாதீர்கள், கடைசியில் திரும்ப வரும்.)

1914 ஆகஸ்டில் கிளீவ்லாந்தில் யுக்ளிட் அவென்யூவும் 105வது தெருவும் சந்திக்கும் இடத்தில் மின்சார சிக்னல் வந்தது. சிவப்பு, பச்சை மட்டும். நிறம் மாறப்போவதை அறிவிக்க ஒரு மணி. அந்த மணியின் வேலையை மஞ்சள் விளக்குக்குக் கொடுத்தவர் டெட்ராய்ட் போலீஸ்காரர் வில்லியம் பாட்ஸ், 1920ல். மூன்று நிறமும் நாலு திசையும் ஒரே பெட்டியில் வந்துவிட்டது.

இங்கேதான் ஈனோவின் விதிக்குச் சிக்கல். சிக்னலில் எதிரெதிர் திசை இரண்டுக்கும் ஒரே நேரத்தில் பச்சை. இரண்டு பக்கமும் இடப்பக்கம் திரும்புகிறவர்கள் கம்பத்தைச் சுற்றினால், ஒருத்தர் பாதையை இன்னொருத்தர் வெட்டி, நடுவில் பின்னிக்கொண்டு நிற்பார்கள். ஆக, கம்பத்துக்கு முன்னாலேயே, உள்பக்கமாகத் திரும்பு என்று விதி மாறியது. வண்டிகளுக்கு வசதி. ஆனால் திருப்பத்தின் வேகம் ஏறியது. அன்றைக்கு அது யாருக்கும் பெரிசாகப் படவில்லை.

நீயா நானா நேரம்

சிக்னல் என்பது ஒரு குண்டான் சோறு மாதிரி. ஒருவனுக்கு அதிகம் வைத்தால் இன்னொருவனுக்குக் குறையும். புரூஸ் கிரீன்ஷீல்ட்ஸும் கூட்டாளிகளும் 1947ல் வெளியிட்ட அறிக்கையில், பச்சையில் வரிசையாகக் கிளம்பும் கார்கள் சராசரி 2.1 விநாடிக்கு ஒன்றாகப் போகின்றன என்று அளந்தார்கள். முதல் சில கார்கள் சுதாரித்துக் கிளம்புவதில் இன்னும் சில விநாடி வீண். ஒவ்வொரு முறை பச்சை கை மாறும்போதும் இந்த வீண் உண்டு.

1958ல் இங்கிலாந்தில் எஃப்.வி.வெப்ஸ்டர் இதை ஒரு சூத்திரத்துக்குள் அடக்கினார். வீணாகும் மொத்த விநாடியை ஒன்றரையால் பெருக்கி ஐந்தைக் கூட்டு. அதை, ஒன்றிலிருந்து சாலையின் நெரிசல் அளவைக் கழித்து வருவதால் வகு. வருவதுதான் ஒரு முழுச் சுற்றுக்கு உகந்த நேரம். போட்டுப் பார்ப்போமா? நெரிசல் 0.7 என்று வையுங்கள். முறைக்கு 4 விநாடி வீண். வடக்கு-தெற்கு ஒரு முறை, கிழக்கு-மேற்கு ஒரு முறை என்றால் வீண் 8, சுற்று 57 விநாடி. இடது திருப்பங்களுக்குத் தனி அம்புக்குறி கொடுத்து நாலு முறையாக்கினால் வீண் 16. சுற்று 97 விநாடி! நெரிசல் அளவை மாற்றவே இல்லை, பாதுகாப்பாகத் திரும்ப இடம் கொடுத்ததற்கு மட்டும் எல்லோரும் இன்னும் 40 விநாடி நீளமான சுற்றில் மாட்டிக்கொள்கிறார்கள்.

அதனால்தான் இஞ்சினியர்கள் அம்பு கொடுப்பதில் கஞ்சத்தனம் பிடித்தார்கள். ஒரு மணி நேரத்தில் திரும்பும் வண்டிகளையும் எதிரே வரும் வண்டிகளையும் பெருக்கு, எதிரே ஒரு லேன் இருந்து 50,000 தாண்டினால் அம்பு பற்றி யோசி என்பது மாதிரியான கட்டைவிரல் கணக்குகள் வந்தன. 100 பேர் திரும்ப, 500 பேர் எதிரே வந்தால் 50,000. அதற்குக் கீழே என்றால் வட்டப் பச்சையில் இடைவெளி பார்த்து நீயே திரும்பிக்கொள். அந்த இடைவெளி 4.5 விநாடி இருந்தால் ஒரு சராசரி டிரைவர் துணிவார் என்கிறது அமெரிக்கக் கையேடு. எதிரே வருகிறவன் 72 கிலோமீட்டர் வேகத்தில் இருந்தால் 4.5 விநாடி என்பது 90 மீட்டர். தொண்ணூறு மீட்டருக்கு அப்பால் உள்ள காரின் வேகத்தைக் கண்ணாலேயே மதிப்பிட்டு, கூடவே தெருவைக் கடக்கும் ஆளையும் பார்க்கணும். வயசானவர்கள் இடது திருப்பத்தைக் கண்டு பயப்படுவதில் அதிசயம் என்ன இருக்கு?

இடைவெளியே கிடைக்காதவர்கள் நடுவில் காத்திருந்து மஞ்சளில் நழுவுவார்கள். இப்படிச் சுற்றுக்கு இரண்டு வண்டி நழுவும் என்று கையேடே கணக்கில் சேர்த்துக்கொண்டது. பிட்ஸ்பர்க் ஊர்க்காரர்கள் இதைத் தலைகீழாக்கி, பச்சை விழுந்த உடனே எதிராளி ஒரு காரைத் திரும்ப விட்டுவிட்டு அப்புறம் கிளம்பும் வழக்கம் வைத்திருக்கிறார்கள். 'பிட்ஸ்பர்க் லெஃப்ட்' என்றே பெயர். சட்டப்படி தப்பு, ஊர்ப்படி மரியாதை :-)

வேறு மாநிலங்கள் வேறு வழி பார்த்தன. மிச்சிகனில் 1960களில், சந்தியில் திரும்பவே விடாமல், கொஞ்ச தூரம் தாண்டிப்போய் யு-டர்ன் அடித்து வரச் சொன்னார்கள். நியூஜெர்சியில் இடப்பக்கம் போக வலப்பக்கம் பிரியும் 'ஜக்ஹேண்டில்', அதாவது சொம்புப் பிடி மாதிரி ஒரு வளைவு. திருப்பத்தின் விநாடியை சிக்னலிலிருந்தே தூக்கிவிடுகிற யோசனை இரண்டும்.

மஞ்சள் பொறி

அம்பும் வட்டப் பச்சையும் கலந்த சந்திகளில் ஒரு பயங்கரம் ஒளிந்திருந்தது. எனக்கு மஞ்சள் விழுகிறது. நான் நடுவில் காத்திருக்கிறேன். எனக்கு மஞ்சள் என்றால் எதிராளிக்கும் மஞ்சள், அவன் நிற்பான் என்று திரும்புகிறேன். ஆனால் அவன் பக்கம் இடது அம்பு கடைசியில் வருகிற ஏற்பாடு. அவனுக்குப் பச்சை தொடர்கிறது, முழு வேகத்தில் வருகிறான். இதற்கு 'மஞ்சள் பொறி' என்றே பெயர். சிக்னல் பொய் சொல்லவில்லை, டிரைவர்தான் தப்பாக ஊகித்தார் என்று சொல்லிவிடலாம். ஆனால் எல்லோரும் ஊகிக்கும் மாதிரிதானே அவரும் ஊகித்தார்?

தீர்வு, மின்னும் மஞ்சள் அம்பு. டிரைவிங் சிமுலேட்டர்களில் மக்களை உட்காரவைத்துப் பரிசோதித்து, 2003ல் அறிக்கை வெளியானது. வட்டப் பச்சையைப் பார்த்து 'எனக்குத்தான் வழி' என்று தப்பாக நினைப்பவர்கள், மின்னும் அம்பைப் பார்த்தால் 'பார்த்துப் போகணும்' என்று சரியாகப் புரிந்துகொண்டார்கள். அந்த அம்பை எதிராளியின் பச்சையோடு கட்டிவிட்டதால் பொறியும் போச்சு. 2006ல் தற்காலிக அனுமதி, 2009ல் தேசிய சிக்னல் விதிநூலில் இடம். 1920ல் வந்த மஞ்சளுக்கு இதைப் புரியவைக்க கிட்டத்தட்ட 90 வருஷம் ஆனது.

சரி, மெயின் மேட்டர்

மஞ்சள் எத்தனை விநாடி எரியணும்? 1960ல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் மூன்று பேர் இதைக் கேட்டார்கள். டெனோஸ் காஸிஸ், ராபர்ட் ஹெர்மன், அலெக்ஸி மரடூடின். இதில் ஹெர்மன் லேசுப்பட்டவர் இல்லை. பிரபஞ்சம் பிறந்த வெப்பத்தின் மிச்சம் இன்னும் வானமெங்கும் இருக்கவேண்டும் என்று 1948லேயே ரால்ஃப் ஆல்ஃபரோடு சேர்ந்து கணித்தவர். அப்பேர்ப்பட்ட மனுஷன் மஞ்சள் விளக்குக்கு வந்தார்!

அவர்கள் சொன்னது எளிமை. மஞ்சள் விழுந்தால் டிரைவரால் பத்திரமாக நிற்க முடியணும், இல்லாவிட்டால் சட்டப்படி உள்ளே நுழைய முடியணும். இரண்டும் முடியாத இடத்தில் அவரை மாட்டவிடக்கூடாது. 72 கிலோமீட்டர் வேகம், அதாவது விநாடிக்கு 20 மீட்டர். சுதாரிக்க 1 விநாடி. பிரேக் பிடித்தால் விநாடிக்கு 3 மீட்டர் வீதம் வேகம் குறையும். நிற்க வேண்டிய தூரம் சுமார் 87 மீட்டர். அதைவிட ஒரு அடி உள்ளே இருப்பவரால் நிற்க முடியாது, அதே வேகத்தில் போகணும். 87ஐ 20ஆல் வகுத்தால் 4.3 விநாடி. இதுதான் மஞ்சள். இந்தச் சூத்திரம் சில வருஷங்களில் அமெரிக்க இஞ்சினியர்களின் கைநூல்களில் ஏறி உட்கார்ந்தது.

'அதே வேகத்தில்' என்ற வார்த்தையை இன்னொரு தரம் படியுங்கள். இடப்பக்கம் திரும்புகிறவர் அதே வேகத்தில் போவாரா? 72ல் திரும்பினால் வண்டி கவிழும். அவர் 32க்காவது குறைத்தாகணும். சுதாரிக்க 1 விநாடி, 20லிருந்து 9 மீட்டருக்குக் குறைக்க 3.7, மீதித் தூரத்தைக் கடக்க 1.5. மொத்தம் 6.2 விநாடி. சிக்னல் கொடுத்ததோ 4.3. ஒழுங்காக, பத்திரமாக ஓட்டியவர் கிட்டத்தட்ட 2 விநாடி சிவப்பில் நுழைவார். அங்கே கேமரா இருந்தால் வீட்டுக்கு நோட்டீஸ் வரும்.

அப்படி ஒரு நோட்டீஸ் 2013ல் ஓரிகன் மாநிலம் பீவர்டன் நகரில் ஒரு பெண்மணிக்கு வந்தது. கணவர் மேட்ஸ் யார்ல்ஸ்ட்ரம், ஸ்வீடனில் படித்த எலக்ட்ரானிக்ஸ்காரர். மஞ்சள் கணக்கைத் தோண்ட ஆரம்பித்தவர், திரும்பும் வண்டிக்கு இந்தச் சூத்திரம் பொருந்தாது என்பதைக் கண்டுபிடித்து, எல்லோருக்கும் எழுதினார். மாநில இஞ்சினியர் வாரியத்துக்கும் எழுதினார். பதிலுக்கு அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? லைசென்ஸ் இல்லாமல் இஞ்சினியரிங் செய்ததாகவும், தன்னை இஞ்சினியர் என்று சொல்லிக்கொண்டதாகவும் 500 டாலர் அபராதம்! கணக்கு சரியா தப்பா என்பது இரண்டாம்பட்சம், நீ யார் கேட்க என்பதுதான் முதல் கேள்வி.

மனுஷன் விடவில்லை. 2017ல் கோர்ட்டுக்குப் போனார். 2018 டிசம்பரில் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. கணக்கையும் விடவில்லை. 1960ன் மூவரில் உயிரோடு இருந்த மரடூடினைத் தேடிப்பிடித்தார். எங்கள் சூத்திரம் நேராகப் போகும் வண்டிக்குத்தான், திரும்பும் லேனுக்கு அல்ல என்று அவரே ஆதரவு தந்தார். 2020ல் அமெரிக்கப் போக்குவரத்து இஞ்சினியர்கள் சங்கம் தன் வழிகாட்டியில் திரும்பும் வண்டிகளுக்கான விரிவான சூத்திரத்தைச் சேர்த்தது. அறுபது வருஷம் கழித்து!

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 2 விநாடி கூட்டினால் என்ன குறைந்துபோகும்? 90 விநாடிச் சுற்றில் மணிக்கு 40 சுற்று, 80 விநாடி போச்சு. 2.1 விநாடிக்கு ஒரு கார் என்றால் 38 கார் அடுத்த சுற்றுக்குத் தள்ளப்படும். மஞ்சள் நீளம் என்று பழகிவிட்டால் மக்கள் இன்னும் முறுக்குவார்கள் என்ற பயமும் உண்டு. பரிந்துரை பரிந்துரைதான், ஒவ்வொரு மாநிலமும் தானே முடிவு செய்யும். இதெல்லாம் நியாயமான வாதங்கள். ஆனால் இயற்பியல் முடியாது என்று சொல்வதைச் செய்யவில்லை என்று ஒருத்தருக்கு அபராதம் போடுவது எந்த வாதத்திலும் சேராது.

அந்தக் கம்பம் என்னாச்சு?

2016ல் நியூயார்க் நகரப் போக்குவரத்துத் துறை தன் விபத்துகளை ஆராய்ந்தது. நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் இடது திருப்பத்தில் இறப்பது வலது திருப்பத்தைப் போல இருமடங்குக்கும் மேல் என்று தெரிந்தது. காரணங்களில் ஒன்று, மூலையை வெட்டி வேகமாகத் திரும்புவது. என்ன செய்தார்கள்? சந்தியின் நடுக்கோட்டை ஒட்டி ரப்பர் மேடும் பிளாஸ்டிக் கம்பமும் நட்டு, அகலமாகச் சுற்றி மெதுவாகத் திரும்ப வைத்தார்கள். பல இடங்களில் கார்களுக்கு முன்னால் நடப்பவர்களுக்குச் சில விநாடி முன்கூட்டியே பச்சை கொடுத்தார்கள். 1903ல் அதே ஊரில் ஈனோ கேட்டதும் அகலமாக, மெதுவாகத் திரும்பு என்பதைத்தானே!

எனக்குத் தோன்றுவது இதுதான். சிக்னலின் ஒவ்வொரு விநாடிக்குள்ளும் யாரோ ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார். நேராகப் போகிற, வேகம் மாறாத, கண் நன்றாகத் தெரிகிற ஆள். கணக்கு அவருக்குச் சரி. திரும்புகிறவரும், வயசானவரும், தெருவைக் கடக்கிறவரும் அந்த ஆள் இல்லை. அவர்களுக்காக யாராவது திரும்பக் கணக்குப் போட்டால்தான் விநாடி மாறுகிறது. அது லைசென்ஸ் இல்லாத ஒருத்தராக இருந்தால் என்ன?

உங்க ஊர் சந்தியில் வலப்பக்கம் திரும்ப எத்தனை விநாடி மஞ்சள் எரியுதுன்னு வாட்ச் வச்சுப் பார்த்துட்டுப் பின்னூட்டத்துல சொல்லுங்க.

டிஸ்கி: மேலே போட்ட கணக்கெல்லாம் புரிவதற்காகத்தான். இதைக் காட்டி டிக்கெட்டை ரத்து பண்ணச் சொல்லி கோர்ட்டில் நின்றால் கம்பெனி பொறுப்பல்ல. இஞ்சினியரிங் செய்ததாக எனக்கும் யாராவது அபராதம் போட்டால் ஆளுக்கு பத்து டாலர் அனுப்பவும் :-)